ரிகோ காவல் காத்த அங்கி

எங்கள் ஊரில் யாரிடமாவது கோம்போஷ் வெண்டெல் எங்கே இருக்கிறான் என்று கேட்டுப் பாருங்கள். கொஞ்ச நேரம் தாடையைச் சொறிவார்கள். பிறகு, "ஓ, ரிகோவோட ஆளா?" என்பார்கள். ரிகோ என் நாய். வெண்டெல் நான். ஆடு மேய்ப்பவர்களைக் காக்கிற புனிதரின் பெயர் அது. என் அம்மா பெரிய நம்பிக்கையோடு வைத்திருக்கிறாள், பாவம். பண்ணையின் செம்மறிகளை இத்தனை வருடம் மேய்த்தவன் நான்தான் என்று சந்தைக்குப் போகும்போதெல்லாம் மார்தட்டிக்கொள்வேன். உண்மையில் மேய்த்தது யார் என்று அந்த ஆடுகளுக்குத் தெரியும். நல்லவேளை, அவை சந்தையில் வாய் திறப்பதில்லை.

காலையில் ரொட்டியும் புகை போட்ட பன்றிக் கொழுப்பும் தின்பேன். தொப்பியைச் சரிசெய்துகொள்வேன். மேட்டில் ஒரு நல்ல இடமாகப் பார்த்துக் கொக்கித் தடியை ஊன்றி நிற்பேன். தூரத்திலிருந்து பார்த்தால் ரொம்பக் கம்பீரமாக இருக்கும் என்று சொல்வார்கள். மீதி வேலை எல்லாம் ரிகோவுடையது.

அவனைக் குட்டியாக வாங்கும்போது கரிக்கட்டை மாதிரி கறுப்பாக இருந்தான். சந்தைக்குப் பன்றி ஓட்டி வந்த ஒருவனிடம் வாங்கினேன். எங்கள் தோட்டங்களில் பாடுகிற கறுப்புக் குருவிக்கு ரிகோ என்று பெயர். நிறத்துக்குப் பொருத்தமாகப் பெயர் வைத்துவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை. முதல் பனிக்காலம் முடிவதற்குள் பயல் வெளுக்க ஆரம்பித்தான். அடுத்த ரோமம் கத்தரிப்புக்குள் அடுப்புச் சாம்பல் நிறத்துக்கு வந்துவிட்டான். இந்த ஷோமோஜ் குன்றுகளில் சாம்பல் நிறத்தில் கறுப்புக் குருவி வளர்ப்பவன் நான் ஒருவன்தான். என் முன்யோசனை இப்படித்தான் எப்போதும் வேலை செய்யும்.

பண்ணைக்கு வந்துபோகும் கால்நடை டாக்டர்தான் விஷயத்தைச் சொன்னார். அவருக்கு நாய்ப் பைத்தியம். ஆட்டுக்கு ஊசி போட வந்தவர் ஆட்டை விட்டுவிட்டு ரிகோவைச் சுற்றிச் சுற்றி வந்தார். ரிகோவும் அவரைச் சுற்றிச் சுற்றி வந்தான். கடைசியில் டாக்டர் பட்டியின் மூலையில் ஆட்டுக்குட்டிகளோடு நின்றுகொண்டிருந்தார். எப்படி அங்கே போய்ச் சேர்ந்தார் என்று அவருக்கே விளங்கவில்லை.

"இவன் புமி, வெண்டெல்," என்றார் மூலையில் நின்றபடியே. "சாம்பல் புமி பொறக்கும்போது கறுப்பாத்தான் பொறக்கும். உனக்குத் தெரியாதா?"

"தெரியாம என்னங்க," என்றேன். தெரியாது.

பழைய காலத்தில் எங்கள் நாட்டு ஆட்டு நாய் என்றால் கயிறு கயிறாக முடி தொங்கும் நாய்தான். முன்பக்கம் எது பின்பக்கம் எது என்று அது நடக்க ஆரம்பித்த பிறகுதான் தெரியும். பிரபுக்கள் மெல்லிய ரோமத்துக்கு ஆசைப்பட்டு ஜெர்மன் பக்கமிருந்தும் பிரெஞ்சுப் பக்கமிருந்தும் மெரினோ ஆடுகளை இறக்கினார்கள். ஆடுகளோடு அவற்றின் நாய்களும் வந்தன. நாய்கள் பிரபுக்களைக் கேட்டா சம்பந்தம் பேசும்? எங்கள் முடி நாயும் வந்த நாயும் கூடிப் பிறந்த வம்சம்தான் புமி என்றார் டாக்டர். எனக்கு இது ஒன்றும் அதிசயமாகப் படவில்லை. என் தாத்தா ஜெர்மன் வழி வந்தவர், பாட்டி குரோவாசியக்காரி, அம்மா இந்த மண்ணின் சுத்த மாஜர் இனத்தவள். நானும் அதே மாதிரிக் கலப்புத்தான். ஆனால் என்னைப் பார்த்து எந்த டாக்டரும் தனி இனம் என்று சந்தோஷப்பட்டதில்லை.

இனத்தின் குணம் என்ன என்று கேட்டால், வாய். முழங்கால் உயரம்கூட இல்லாத உடம்பு, சுருட்டை சுருட்டையாக முடி, முதுகின் மேல் வளையமாகச் சுழித்த வால், நிமிர்ந்து நின்று நுனியில் மட்டும் மடிந்த காது. அவ்வளவு சின்ன உடம்புக்குள் அவ்வளவு பெரிய வாயை எங்கே வைத்திருக்கிறான் என்று பாதிரியாரே ஒருமுறை கேட்டார். புதிதாக எதைக் கண்டாலும் ரிகோவுக்கு ஆகாது. புதுத் தொப்பி, கைவண்டி, பாதிரியாரின் குடை, நேற்று இல்லாமல் இன்று இருக்கிற வைக்கோல் போர், எல்லாவற்றையும் அதட்டுவான். மற்ற நாய்கள் மந்தையை விலகிச் சுற்றி ஓடும். இவன் நேராகக் காலடியில் போய் நின்று கத்துவான். ஆடு அசையாவிட்டால் குதிகாலில் ஒரு சின்னக் கடி. ரத்தம் வராது, மானம் போகும். மாடானாலும் சரி, பன்றியானாலும் சரி, அவனுக்கு எல்லாம் ஒன்றுதான். அவன் வாயை மூடி நான் பார்த்ததில்லை. தூக்கத்தில்கூட யாரையோ அதட்டிக்கொண்டிருப்பான்.

நான் அவனுக்குக் கற்றுக்கொடுத்தது ஒன்றே ஒன்று. எங்கள் ஆட்டுக்காரர்களுக்கு ஸூர் என்று ஒரு கெட்டிக் கம்பளி அங்கி உண்டு. சிவப்பு வேலைப்பாடெல்லாம் செய்திருக்கும். கையை உள்ளே நுழைக்க மாட்டோம், தோளில் போட்டுக்கொள்வதுதான். அங்கிக் கைகளின் நுனியைத் தைத்து மூடிவிட்டால் அதுவே பை. ஒரு கையில் ரொட்டி, இன்னொரு கையில் புகையிலை. அந்த அங்கியை எங்கே கழற்றி வைத்தாலும் ரிகோ அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொள்வான். நான் வந்து எடுக்கிறவரை சாட்சாத் பண்ணைப் பிரபுவே வந்தாலும் தொட விடமாட்டான். சொல்லக்கூட வேண்டாம். ஒரே நாளில் கற்றுக்கொண்டான். அடடா, என்ன பயிற்சி கொடுக்கிறேன் நான் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். அந்தப் பயிற்சி என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதுதான் கதை.

போர் முடிந்து நான் ஊர் திரும்பியபோது அம்மா இல்லை. வீடு இருந்தது, பானை இருந்தது, கட்டில் இருந்தது. பேச ஆளில்லை. ஆடுகளோடு நன்றாகப் பேசுவேன். பெண்களைப் பார்த்தால் நாக்கு மேலே போய் ஒட்டிக்கொள்ளும். இப்படியே முப்பத்தெட்டு வயது வந்துவிட்டது.

வண்டிச் சக்கரம் செய்கிற பிந்தேர் லோரின்ஸின் மகள் வெரோன். அவளுடைய புருஷன் இத்தாலிப் பக்கம் போன பட்டாளத்திலிருந்து திரும்பி வரவே இல்லை. அப்பன் வீட்டுக்கே வந்து, வாத்து வளர்த்துக்கொண்டு, கிழவனுக்குச் சூப் காய்ச்சிக்கொண்டு இருந்தாள். ஒருநாள் ரிகோ ஓடைக் கரையில் மேய்ந்துகொண்டிருந்த அவளுடைய வெள்ளை வாத்துகள் எல்லாவற்றையும் ஓட்டிக்கொண்டு வந்து என் ஆடுகளுக்கு நடுவே சேர்த்துவிட்டான். நான் மேட்டில் கம்பீரமாக நின்றுகொண்டிருந்ததால் கவனிக்கவில்லை.

பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மேடேறி வந்தாள்.

"யாருய்யா இங்க ஆடு மேய்க்கிறது?"

"நான்தாங்க."

"அப்ப என் வாத்தெல்லாம் உன் கண்ணுக்கு ஆடாத் தெரியுதோ?"

"நான் இல்லீங்க, நாய்தான்..."

"நாய் மேய்க்குது, நாய் திருடுது. நீ எதுக்கு இருக்க? தொப்பி மாட்டவா?"

இதற்குள் ரிகோ அவளைப் பார்த்துக் குரைக்க ஆரம்பித்தான். அவள் அவனைவிட உரக்கக் கத்தினாள். இரண்டு பேரும் மூச்சு வாங்குகிறவரை நான் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நடுவில் நின்றேன். போகும்போது என்னை மேலும் கீழும் பார்த்தாள். என் அங்கியின் மார்புப் பட்டை அறுந்துபோய் ரொம்ப நாளாகியிருந்தது. ஒரு கயிற்றால் கட்டியிருந்தேன்.

"என்னய்யா இது, கயித்தைப் போட்டுக் கட்டியிருக்க? உருளைக்கிழங்கு மூட்டையா நீ?"

அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உருளைக்கிழங்குதான் சமைத்திருந்தேன்.

அதன் பிறகு ரிகோ வாரம் தவறாமல் வாத்துகளை ஓட்டிவந்தான். நான் தடுக்கவில்லை என்று ஊரில் பேசுவார்கள். தடுத்தால் கேட்கிற நாயா அது? வாரம் தவறாமல் அவளும் வந்து திட்டினாள். திட்டி முடித்த பிறகு உடனே போக மாட்டாள். மழை வருமா என்று கேட்பாள். ஆட்டுக்குட்டி ஒன்றைத் தூக்கிப் பார்ப்பாள். ரிகோ அவள் வந்ததிலிருந்து போகிறவரை ஓயாமல் குரைப்பான். நான் அந்த இரைச்சலுக்கு நடுவே உலகத்திலேயே சந்தோஷமான மனிதனாக நிற்பேன்.

காஷ்பார் என்று ஒருவன், பண்ணைப் பன்றிகளை மேய்ப்பவன், என் கூட்டாளி. வாயில் எப்போதும் சிரிப்பு, சட்டையில் எப்போதும் சேறு. அவன்தான் ஆரம்பித்தான்.

"டேய் மாப்ள, அந்தப் பொம்பளை ஊருல வேற யாரையாச்சும் இவ்வளவு தூரம் நடந்து வந்து திட்டுதா? சொல்லு."

"அது வாத்துக்காக வருதுடா."

"வாத்து தானா வீட்டுக்குப் போயிடும்டா மடையா! போய் அங்கியை விட்டுட்டு வா. நீ இப்படியே மேட்டுல நின்னுக்கிட்டிருந்தா ஒருநாள் காக்கா வந்து கூடு கட்டிரும்."

அங்கியை விட்டுவிட்டு வருவது எங்கள் வழக்கம். வாயால் கேட்க மாட்டோம். சாயங்காலம் பெண் வீட்டுக்குப் போக வேண்டும். மழை, வைக்கோல் என்று எதையாவது பேச வேண்டும். கிளம்பும்போது அங்கியை மறந்த மாதிரி விட்டுவிட்டு வர வேண்டும். விடிந்ததும் போய்ப் பார்த்தால் பதில் தெரியும். அங்கி வெளியே தாழ்வாரத்து ஆணியில் தொங்கினால், எடுத்துக்கொண்டு போ என்று அர்த்தம். தொங்கவில்லை என்றால் உள்ளே வா என்று அர்த்தம். ஒருவரும் ஒரு வார்த்தை பேச வேண்டாம், யாருக்கும் அவமானம் இல்லை. நாக்கு ஒட்டிக்கொள்கிறவனுக்காகவே யாரோ கண்டுபிடித்தது போலிருக்கும். இளவட்டங்கள் இதையெல்லாம் விட்டுவிட்டார்கள். எனக்கு வேறு வழி தெரியாது.

போனேன். சுத்தமாகச் சவரம் செய்து, மீசைக்குக் கொழுப்புத் தடவி, அங்கியைத் தோளில் போட்டு, அந்தக் கயிற்றைக்கூடப் புதுசாக மாற்றிக்கொண்டுதான் போனேன். ரிகோ அவர்கள் வாசலில் நின்ற கைவண்டியை அதட்டிவிட்டு எனக்கு முன்னால் உள்ளே போனான்.

லோரின்ஸ் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தார். கிழவருக்குப் புரியாதா? ரொட்டி அடுப்பின் வாயை ஒட்டிய பெஞ்சில் அங்கியைக் கழற்றி வைத்தேன். அடுத்த அரை மணி நேரம் நான் பேசியது முழுக்க ஆட்டுக் குளம்பு அழுகல் பற்றி. சீழ் எப்படி வரும், எந்த வாடை அடிக்கும், எப்படிச் சீவ வேண்டும் எல்லாம் சொன்னேன். பெண் கேட்கப் போன இடத்தில்! வெரோன் கையில் எடுத்த பலகாரத் தட்டைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டாள்.

"ஆட்டுக்காரன் பொழப்பு கஷ்டம்தான்," என்றார் லோரின்ஸ். "பாதி வருஷம் வீடு தங்க மாட்டான். வந்தாலும் ஆட்டு வாடை. எனக்கும் வயசாச்சு, இவ ஒருத்திதான் எனக்குச் சூப் காய்ச்சித் தர்றா."

இதைவிடத் தெளிவாக யார் சொல்வார்கள்? இருந்தாலும் எழுந்தேன், வணக்கம் சொன்னேன், அங்கியை மறந்தேன். திரும்பிப் பார்க்காமல் விறுவிறுவென்று நடந்தேன். திரும்பிப் பார்த்தால் நான் மறந்தது பொய்யாகிவிடும் அல்லவா? ரிகோ பின்னால் வரவில்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. அவர்கள் வீட்டுப் பூனையோடு ஏதோ கணக்குத் தீர்க்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

விடிந்ததும் போய் எதிர்ப்பக்கத்து முசுக்கொட்டை மரத்துக்குப் பின்னால் நின்றேன். மரம் என்னைவிட ஒல்லி. தாழ்வாரத்தைப் பார்த்தேன். ஆணி இருந்தது. ஆணியில் ஒன்றும் இல்லை. கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தேன். ஒன்றும் இல்லை! உள்ளேயிருந்து ரிகோவின் குரைப்பு வேறு கேட்டது. அங்கியை மட்டுமா, நாயையும் சேர்த்து உள்ளே வைத்துக்கொண்டார்கள்! எங்கள் பக்கத்தில் எந்த மாப்பிள்ளைக்கு இப்படி இரட்டைச் சம்மதம் கிடைத்திருக்கிறது?

தலைகால் புரியவில்லை எனக்கு. நேரே காஷ்பாரிடம் ஓடிச் சொன்னேன். காஷ்பாரிடம் சொன்னால் ஊருக்கே தண்டோரா போட்ட மாதிரி. தெரிந்துதான் சொன்னேன். ஊருக்குத் தெரியட்டும் என்றுதான் சொன்னேன்.

பிறகு ஆடுகளை அவிழ்த்துவிட்டு மேட்டில் போய் நின்றேன். கனவு கண்டுகொண்டிருந்தேன். கனவில் வெரோன் என்னைத் திட்டிக்கொண்டிருந்தாள். கண் விழித்துப் பார்த்தால், ஆடுகள் மொத்தமும் பண்ணையின் குதிரைமசால் வயலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தன. பனி ஈரத்தோடு குதிரைமசாலைத் தின்றால் ஆட்டுக்கு வயிறு உப்பி, வரிசையாகக் காலை நீட்டிவிடும். "ரிகோ!" என்று கத்தினேன். ரிகோ எங்கே? மாமனார் வீட்டில்.

ஓடினேன். இடப்பக்கம் விரட்டினால் வலப்பக்கம் இறங்கின. வலப்பக்கம் ஓடினால் இடப்பக்கம். தடியை வீசினேன், தொப்பியை வீசினேன், புனித வெண்டெலைக் கூப்பிட்டேன், அப்புறம் வாயில் வந்ததை எல்லாம் சொன்னேன். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், குரைத்தேன். கையைத் தரையில் ஊன்றி, குதிகாலுக்குக் குதிகால் ஓடி, ரிகோ மாதிரியே குரைத்தேன். மணி கட்டின முதல் கிடா நின்று என்னைத் திரும்பிப் பார்த்தது. அது பரிதாபப்பட்டுத்தான் வெளியே வந்தது, பயந்து இல்லை. மற்றவை அதன் பின்னால் வந்தன.

வரப்பில் காஷ்பார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"ஐயோ மாப்ள, இன்னொரு தடவை! அந்தக் கடைசியா ஒண்ணு குரைச்சியே, அது அச்சா அவன்தான்! என்ன, குரல் கொஞ்சம் பத்தல!"

சிரிக்கட்டும். அன்று எனக்குக் கல்யாணக் களை. யார் சிரித்தாலும் எனக்கு இனித்தது.

மதியம் லோரின்ஸ் வந்தார். நொண்டிக்கொண்டு வந்தார். வலது கையில் துணி சுற்றியிருந்தது. சம்பந்தம் பேச மாமனாரே நேரில் வருகிறாரே என்று தொப்பியைக் கழற்றினேன்.

"வாங்க மாமா!"

"மாமாவா? எவன்டா உனக்கு மாமா? முதல்ல வந்து உன் நாயைக் கூட்டிட்டுப் போ!"

"ஏன், என்னாச்சு?"

"என்னாச்சா? நேத்து சாயங்காலத்துலேர்ந்து அடுப்புக்கிட்ட போக முடியல. உன் அங்கி மேல ஏறி உக்காந்துக்கிட்டு எழுந்திரிக்கவே மாட்டேங்குது. துடைப்பத்தால தள்ளிப் பார்த்தேன், துடைப்பத்தைப் பிய்ச்சுப் போட்டுருச்சு. ரொட்டித் துடுப்பை நீட்டினேன், அதையும் கடிச்சுது. சாசேஜ் போட்டேன். சாசேஜையும் தின்னுட்டு என் கையையும் குதிகாலையும் கடிச்சுது. பிசைஞ்சு வச்ச மாவு பொங்கித் தரையில ஓடுது. இந்த வாரம் வீட்டுல ரொட்டி இல்ல!"

எனக்கு மெதுவாகத்தான் எதுவும் புரியும். இது இன்னும் மெதுவாகப் புரிந்தது.

"அப்ப... அங்கியை நீங்க எடுக்கப் பார்த்தீங்களா?"

"பின்னே?"

"எதுக்கு?"

கிழவர் என் முகத்தைப் பார்த்தார். கோபம் கொஞ்சம் இறங்கிவிட்டது. அது கோபத்தைவிட மோசமாக இருந்தது.

"எதுக்குன்னு உனக்குத் தெரியாதா, வெண்டெல்? ஆணியில மாட்டத்தான்."

இப்படியாக நான் ஊர் முழுக்கச் சொன்ன சம்மதம் ஒரு நாயின் பிடிவாதம் என்று தெரிந்தது. நான் கொடுத்த பயிற்சி! ஆடுகளைக் காஷ்பாரிடம் விட்டேன். நாங்கள் பேசியது அவன் காதிலும் விழுந்திருந்தது, ஆனால் முதல் தடவையாக அவன் சிரிக்கவில்லை. லோரின்ஸுக்குப் பின்னால் நடந்தேன். வழியில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் எனக்கு வாழ்த்துச் சொன்னார்கள். தேவாலயத்து மணியடிக்கிறவர் கையைக் குலுக்கினார். நன்றி, நன்றி என்று சொல்லிக்கொண்டே போனேன். வேறு என்ன சொல்வது? உள்ளே எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இனிமேல் அந்த வீட்டின் வழியாக ஆடு ஓட்ட முடியாது. இனிமேல் அவள் மேடேறி வந்து திட்டவும் மாட்டாள். எனக்கு அதுதான் பெரிய துக்கமாக இருந்தது.

லோரின்ஸ் வீட்டு வேலியோரம் ஊரே நின்றது. கிழவர் நாய்க்கடி பட்டு நொண்டுவதைப் பார்க்கப் பாதிப் பேர், மாப்பிள்ளையைப் பார்க்க மீதிப் பேர்.

உள்ளே போனேன். பெஞ்சில் அங்கி. அங்கியின் மேல் ரிகோ. தொண்டை கட்டிப்போயிருந்தது, ஆனாலும் லோரின்ஸைக் கண்டதும் குரைத்தான். என்னைப் பார்த்ததும் வால் ஆடியது. எப்படிப் பார்த்துக்கிட்டேன் பாரு என்கிற முகம். வெரோன் தூரத்தில், சுவரோரம் நின்றாள். முழங்கை வரை மாவு. தொட்டியிலிருந்து வழிந்த மாவு தரையில் கிடந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை. நானும் அவளைப் பார்க்கவில்லை.

"போதும்டா, வா," என்றேன். ரிகோ கீழே குதித்தான். அங்கியைச் சுருட்டிக் கையில் எடுத்தேன்.

அப்படியே வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் வெளியே ஊர் நிற்கிறது. நான் காலையில் சொன்ன பேச்சால் அவள் பெயரும் இப்போது என் பெயரோடு சேர்ந்து நிற்கிறது. அவள் வேண்டாம் என்றது எல்லோருக்கும் தெரியட்டும், நாளைக்கு அவளை யாரும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது என்று நினைத்தேன். தாழ்வாரத்துக்கு வந்தேன். எல்லோரும் பார்க்க, அங்கியை ஆணியில் மாட்டினேன். தன் அங்கியைத் தானே வெளியே தொங்கவிட்ட மாப்பிள்ளை இந்த நாட்டில் எனக்கு முன்னால் ஒருவனும் இருந்திருக்க மாட்டான். ராத்திரி குளிரினால் குளிரட்டும் என்று அங்கியை அங்கேயே விட்டுவிட்டு வாசலைப் பார்த்து நடந்தேன்.

வாசற்படலைத் திறக்கும்போதுதான் ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. ரிகோவின் சத்தம் இல்லை. அங்கி அங்கே தொங்குகிறது, நான் இங்கே இருக்கிறேன், சுற்றிலும் இவ்வளவு ஜனம், பயல் வாயைத் திறக்கவில்லை. செத்துவிட்டானோ என்று பயந்து திரும்பினேன்.

வெரோன் ஆணியிலிருந்து அங்கியை எடுத்துக்கொண்டிருந்தாள். இரண்டு கையாலும், மாவுக் கையோடு. ரிகோ அவள் காலடியில் உட்கார்ந்து வாலால் பலகையைப் பெருக்கிக்கொண்டிருந்தான். ஒரு குரைப்பு இல்லை, ஒரு உறுமல் இல்லை.

லோரின்ஸ் துணி சுற்றிய கையைத் தூக்கிக் காட்டினார். "ஏண்டி... அது உன்னைக் கடிக்கலையா?"

"நேத்து ராத்திரியும் கடிக்கலப்பா."

"என்னது? அப்ப என்னை மட்டும்தான்..."

"நீங்க துடைப்பத்தோட போனீங்க. நான் பாலோட போனேன்."

"அப்ப காலையில எடுத்து மாட்டுன்னு சொன்னப்ப, கிட்டப் போனா கடிக்கும்னியே? மாவு பூரா பொங்கி ஓடுச்சே! எல்லாம் தெரிஞ்சு நின்னு பார்த்துக்கிட்டா இருந்த?"

"கிட்டப் போனா அது சும்மா இருக்கும்னு உங்களுக்குத் தெரிஞ்சிரும். தெரிஞ்சா மாட்டச் சொல்லுவீங்க." உடனே என் பக்கம் திரும்பினாள். "நான் ஒரு வாரத்து ரொட்டியை விட்டுட்டு நிக்கிறேன், இந்தாளு தன் கையாலேயே கொண்டுவந்து மாட்டுறாரு! உன்னை யாருய்யா மாட்டச் சொன்னது?"

"யாரும் சொல்லலீங்க," என்றேன்.

அங்கியை என் மேல் எறிந்தாள். பிடித்தேன். மார்புப் பட்டையில் கயிறு இல்லை. அறுந்த இடம் சிவப்பு நூலால் சின்னச் சின்னத் தையலாகத் தைக்கப்பட்டிருந்தது. சும்மா இல்லை, இழுத்துப் பார்த்தேன், மாடு இழுத்தாலும் வராது.

"எத்தனை நாளாய்யா அறுந்து கிடக்கு அது?" என்றாள். "தைக்க ஒரு ஆள் இல்லையா உனக்கு?"

"இல்லீங்க," என்றேன். ஊரே கேட்டுக்கொண்டிருந்தது. அதற்கு மேல் எனக்குப் பேச்சு வரவில்லை. குளம்பு அழுகல் பற்றி அரை மணி நேரம் பேசியவன்தான் நான்.

கையிலிருந்த மாவைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

"சரி, மூக்கைச் சிந்து. அங்கியை உள்ள கொண்டுபோய்ப் போடு. அப்பாவுக்கு சூப் வேணும், அதுக்கு ரொட்டி வேணும். விறகு எடுத்துட்டு வா, அடுப்பு ஆறிப்போச்சு."

விறகுக் குவியலை நோக்கி ஓடினேன். ரிகோ என் குதிகாலுக்குப் பின்னால் குரைத்துக்கொண்டே வந்தான்.